தவ்வை, சேட்டை, மூதேவி

தமிழில் இன்று வசைச்சொல்லாக மட்டுமே எஞ்சியிருக்கும் ‘மூதேவி’ என்பது, சொல்லளவில் பார்த்தால், மூத்த தேவி என்பதற்குமேல் எந்தக் குற்றத்தையும் சுமக்காத ஒரு தெய்வப் பெயராகும். வடமொழியில் மூத்தவள் என்று பொருள்படும் ஜ்யேஷ்டா என்னும் பெயரே தமிழில் சேட்டை என்றும், விண்மீன் பெயராக வருமிடத்துக் கேட்டை என்றும் திரிந்தது. தமக்கையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகிய தவ்வை என்பதும் இத்தெய்வத்துக்கே உரியதாயிற்று. (பிள்ளைகளின் குறும்பைக் குறிக்கும் சேட்டை வேறு சொல், அது செயல் எனப் பொருள்படும் சேஷ்டை என்பதன் திரிபு.) நிகண்டுகள் இவளுக்குக் காக்கைக்கொடியாள், கழுதையூர்தி, ஏகவேணி, முகடி எனப் பல பெயர்களைத் தொகுத்துத் தருகின்றன. ஏகவேணி என்பது கூந்தலை ஒற்றைப் பின்னலாக முடிந்தவள் என்று பொருள்படும்.

யாருக்கு மூத்தவள் என்ற வினாவுக்குப் பாற்கடல் கடைந்த கதை விடை தருகிறது. தேவரும் அசுரரும் அமுதம் வேண்டிக் கடலைக் கடைந்தபோது முதலில் நஞ்சும், அதன்பின் சேட்டையும், அவளுக்குப் பின்னரே திருமகளும் தோன்றினர் என்பது லிங்க புராணம் கூறும் வரிசை. அப்புராணத்தின்படி அவளை மணந்த துச்சகன் என்னும் முனிவர், வேத ஒலியும் இறைவன் திருநாமமும் கேட்குமிடங்களில் அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதைக் கண்டு திகைத்து நிற்க, மார்க்கண்டேயர் தோன்றி, இருவரும் புகத்தக்க வீடுகள் எவை, புகலாகாத வீடுகள் எவை என்று வகுத்துரைக்கிறார். ஓயாத பூசல் நிகழும் வீடும், குழந்தைகள் பார்த்திருக்கப் பெரியவர்கள் தாமே உண்ணும் வீடும் புகத்தக்கவற்றுள் அடங்கும். அவ்வகையில் இப்பகுதி ஓர் இல்லற ஒழுக்க நூலாகவே அமைந்துவிடுகிறது. கணவன் அவளை விட்டு நீங்கிய பின்னர் அவள் திருமாலிடம் முறையிட, சிவனை இகழ்ந்து தம்மை மட்டும் வழிபடுவோரின் செல்வம் அவளுக்கு உரியதென்றும், பெண்கள் அவளைப் பலியிட்டு வழிபட வேண்டுமென்றும் திருமாலே அருளியதாகப் புராணம் முடிக்கிறது. சைவப் புராணம் ஒன்று தன் வழக்கைத் திருமாலின் வாயாலேயே சொல்விக்கும் இந்தச் சாதுரியம் கவனிக்கத்தக்கது. பத்ம புராணம் கதையை வேறாகச் சொல்கிறது: தமக்கைக்கு மணமாகாமல் தான் மணக்க இயலாது என்று திருமகள் மறுத்ததனால் மூத்தவள் உத்தாலகர் என்னும் முனிவருக்கு மணமுடிக்கப்பட்டு, அவரால் அரசமரத்தடியில் கைவிடப்பட, சனிக்கிழமைதோறும் தங்கை அவளைக் காண அங்கு வருகிறாள்.

பழங்காலத்தார் அவளைக் கண்ட உருவத்தைச் சிற்பங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பருத்த வயிறும் தடித்த உதடுகளும் உடையவளாய், பீடத்தில் இரு கால்களையும் தொங்கவிட்டு அகன்று அமர்ந்திருப்பவளின் ஒரு பக்கம் காளைத் தலை கொண்ட ஆணும் மறுபக்கம் இளம்பெண்ணும் இருப்பர். இவ்விருவரையும் மாந்தன், மாந்தி என்று வழங்குவதுண்டு. அருகில் காக்கைக் கொடியும், பல சிற்பங்களில் துடைப்பமும் காணப்படும். காஞ்சிபுரத்தில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலிலேயே இவளுக்கு இடம் உண்டு என்பதால், அரசனின் பெருங்கோயிலுக்கு ஒவ்வாத சிறுதெய்வமாக அவள் அக்காலத்தில் கருதப்படவில்லை என்பது தெளிவு.

இவ்வழிபாட்டுக்குக் காலம் உறுதியாகத் தெரிந்த சான்று மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் உள்ளது. பாண்டியன் மாறஞ்சடையனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 773இல், அவனுடைய பெருந்தலைவருள் ஒருவனாகிய சாத்தன் கணபதி அங்குள்ள குடைவரைக் கோயிலையும் குளத்தையும் திருத்த, அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள் என்று கல்வெட்டு கூறுகிறது. உயர்குடிப் பெண் ஒருத்தி, கணவன் பெயரோடு தன் பெயரும் கல்லில் நிற்குமாறு, மூத்த தேவிக்குக் கோயில் எடுத்தாள் என்னும் இச்செய்தி, பெண்கள் அவளை வழிபட வேண்டும் என்ற புராணக் கூற்றோடு பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம், ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

கல் இவ்வாறு போற்ற, ஏடு வேறொன்றைச் சொல்கிறது. இந்த முரணே சேட்டை வரலாற்றின் உயிர்நிலையாகும். பிற்காலத்தார் இழிவுபடுத்தும் வரை அவள் எல்லோராலும் போற்றப்பட்ட வளமைத் தெய்வமாக இருந்தாள் என்று இன்று பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. நக்கன் கொற்றியின் கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திருக்குறள் அழுக்காறாமை அதிகாரத்தில் தவ்வையையும், ஆள்வினையுடைமை, சூது ஆகிய அதிகாரங்களில் முகடியையும் திருமகளுக்கு எதிரான கேட்டின் உருவமாகவே சுட்டிவிட்டது. வேத மரபிலும் திருமகளைப் போற்றும் ஸ்ரீசூக்தம், பசியும் நீர்வேட்கையுமாகிய அழுக்குடைய மூத்தவளை அகற்றுமாறு வேண்டுகிறது. அதே மரபைச் சேர்ந்த போதாயனரின் கிருகியசூத்திரப் பின்னிணைப்பு, வீட்டுச் சடங்குகளை வகுக்கும் நூலாக இருந்தும், அவளுக்குரிய வழிபாட்டு முறையை விதிக்கிறது. ஆக, அச்சமும் வழிபாடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவையல்ல. அவை நெடுங்காலம் உடனிருந்தவை.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுபவர், அறியாமலேயே, அவளைக் கடிந்த ஆழ்வார் ஒருவர். தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில், அரங்கனை விட்டுச் சேட்டையின் மடியில் செல்வத்தைத் தேடியிருப்போரைக் கண்டிக்கிறார். வறுமையின் உருவம் என்று நூல்கள் கூறிய தெய்வத்திடம் மக்கள் செல்வத்தையே வேண்டினர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பதரிது. வழக்கில் இல்லாத ஒன்றை எவரும் அவ்வளவு கடிந்து பாடுவதில்லை. கேட்டைத் தருபவளே அதை விலக்கவும் வல்லவள் என்னும் எண்ணம் இவ்வேண்டுதலுக்கு அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். அம்மையை வருவிக்கும் தெய்வத்திடமே அம்மை இறங்க வேண்டிக்கொள்ளும் மரபில் அது புதுமையன்று.

முற்காலச் சோழர் கோயில்களிலும் அவளுக்கு வரையறுத்த இடம் இருந்தது. மூலக் கோயிலைச் சுற்றிச் சிறு கோயில்களில் அமைக்கப்படும் துணைத் தெய்வங்களைப் பரிவார தேவதைகள் என்பர். கதிரவன், எழுவர் அன்னையர், பிள்ளையார், முருகன், திங்கள், சண்டேசுவரர் ஆகியோரோடு சேட்டையும் அவ்வரிசையில் ஒருத்தி. புதுக்கோட்டையை அடுத்த திருக்கட்டளைக் கோயில் இவ்வமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

11ஆம் நூற்றாண்டு முதல் கோயில் அமைப்பு மாறியது. இறைவிக்கெனத் திருக்காமக்கோட்டம் என்னும் தனிக் கோயில் எழும் வழக்கம் பரவ, பழைய பரிவார வரிசை குலைந்தது. அதிலிருந்த பிள்ளையாரும் முருகனும் பெருகி வளர்ந்தனர், சண்டேசுவரர் தம் மூலையைக் காத்துக்கொண்டார், சேட்டைக்கு மட்டும் புதிய இடம் அமையவில்லை. அவள் வீழ்ச்சிக்கு ஏதேனும் ஒரு சமயப் பிரிவின் சூழ்ச்சியைத் தேடுவதைவிட இந்தக் கட்டடக்கலை மாற்றத்தை முதன்மைக் காரணமாகக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கோயிலும் பூசையும் நின்றபின், ஏட்டிலிருந்த இகழ்ச்சியை மறுத்து நிற்கக் கல்லில் எதுவும் எஞ்சவில்லை. வங்கத்தில் அலட்சுமி என்னும் பெயரில் அவள் காளி பூசை இரவில் சாண உருவாக அமைக்கப்பட்டு, முறம் தட்டி வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். தமிழகத்தில் அத்தகைய சடங்குகூட வேரூன்றாமல், பெயர் நேரே வசையாயிற்று.

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்தோறும் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது, பிடாரி கோயில், அய்யன் கோயில் ஆகியவற்றோடு இவள் கோயிலையும் குறிக்கின்றன; அங்கே அவள் பெயர் மரியாதை விகுதியோடு ‘சேட்டையார்’ என்றே வெட்டப்பட்டுள்ளது.