இரத்தக்காட்டேறியும் கொலைஞனும்

பேய்ப்படம் பாமரரின் பொழுதுபோக்கென முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எனக்குப் பலர். அவர்களுக்கு நான் காட்டவிரும்புவன இரண்டு ஜேர்மன் படங்கள்.

முர்னோவின் ‘நொஸ்பெராட்டு’ 1922இல் வெளிவந்தது. பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராகுலா’ நாவலை உரிமை பெறாமலே எடுத்தாண்டனர். ஆசிரியரின் விதவை வழக்காடி, பிரதிகளை அழிக்குமாறு 1925இல் தீர்ப்புப் பெற்றார். தப்பிய பிரதிகளாலேயே அது இன்றும் வாழ்கின்றது. யுத்தத்தில் தோற்று, 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலும் மடிந்த மக்களுக்கு, எலிகளோடும் பிளேக்கோடும் கப்பலில் வந்திறங்கும் ஓர்லொக் பிரபு வெறுங்கற்பனையாகத் தோன்றியிருக்க முடியாது. ஆயினும், வளைந்த மூக்கும் நீண்ட நகமும் கொண்ட அந்த அந்நியன், யூதரை இழிவுசெய்த கேலிச்சித்திரங்களையும் நினைவூட்டுகின்றான். படத்தை நேசிக்கும் எனக்கே அது உறுத்துகின்றது.

பிரித்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) படத்திலோ காட்டேறி இல்லை. அயல்வீட்டு மனிதன் போன்ற ஒருவனே குழந்தைகளைக் கொல்லுகின்றான். அவனது சீழ்க்கையொலியைக் கேட்டு அடையாளங்காண்பவன், பலூன் விற்கும் பார்வையற்ற ஏழை. திருடர்களே நீதிமன்றங்கூட்டி அவனுக்கு மரணங்கோருகின்றனர். அங்கே பீற்றர் லோறே கதறுங் காட்சியில், கொலைஞனிலும் கூட்டமே என்னை அதிகம் அச்சுறுத்திற்று.

நாஸிகள் 1934இல் இப்படத்தைத் தடைசெய்தனர். யூதரான லோறே அதற்கு முன்னரே வெளியேறியிருந்தார். எனினும் அக்கதறலை அவர்கள் விட்டுவைக்கவில்லை. ‘நித்திய யூதன்’ என்ற 1940ஆம் ஆண்டுப் பிரசாரப் படத்தில் அதனை வெட்டி ஒட்டி, ஒரு நடிகனின் நடிப்பை ஓர் இனத்தின் இயல்பெனக் காட்டினர்.