ஆளை இழந்தவருக்கு ஈடு

ஒருவர் பொருள் செலவிட்டு வரவழைத்த ஆளை மற்றொருவர் கூலி கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லி அழைத்துக்கொண்டால், முன்னவரின் இழப்பை யார் ஈடு செய்வது? ஆள் விலகியது அவனுடைய உரிமை என்றால், செலவிட்டவருடைய பணம் என்னாவது? பணத்துக்காக ஆளைக் கட்டி நிறுத்தலாம் என்றால், அவன் அடிமையின் நிலையிலிருந்து எவ்வாறு வேறுபடுவான்? இவ்வழக்கு மலாயாத் தமிழர் வரலாற்றில் ஒரு தலைமுறைக்கு மேல் நடந்தது. அதற்குக் கண்ட தீர்வும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலாக்கா நகரிலிருந்து மெர்லிமாவ் வழியாக மூவாருக்குச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் உம்பாய். அதன் ஒரு புறம் கடல். உட்புறம் சென்றால் ஜாசின் வட்டாரத்து ரப்பர் நிலங்கள். தமிழரைத் திரள் திரளாக இப்பகுதிக்கு இழுத்தது பால்மரமே. 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் புக்கிட் அசகானில் அதனினும் பெரிய தோட்டம் எழுந்தது. 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறத் தொடங்கியதும் தோட்டங்கள் பெருகின. நிலம் கிடைத்தது, முதலும் கிடைத்தது. கிடைக்காதது ஆளே.

ஆள் சேர்த்தவர் கங்காணி. ‘கண்காணி’ என்பதே இவ்வாறு மருவிற்று. சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்வை செய்பவரைக் குறித்த இச்சொல், மலாயாவிலும் இலங்கையிலும் கூலிப்படையின் தலைவனைக் குறிக்கலாயிற்று. தோட்டத்துரை கொடுத்த பணத்துடன் கங்காணி தம் ஊருக்குச் செல்வார். உற்றாருக்கும் ஊராருக்கும் முன்பணம் கொடுப்பார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றி அழைத்து வருவார். வழிச்செலவும் கப்பற்கூலியும் வந்திறங்கியவன் பெயரில் கடனாக எழுதப்பட்டன. மரம் வெட்டுவதற்கு முன்பே அவன் கடனாளி.

ஆள் பஞ்சம் மிகுந்தபோது, சில தோட்டத்தார் ஊருக்குக் கங்காணியை அனுப்புவதைக் காட்டிலும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கலைத்துக்கொள்வது மலிவு எனக் கண்டனர். இரவோடு இரவாகக் குடும்பங்கள் லயத்தை விட்டு நீங்குவதும், காலைப் பெரட்டில் ஆள் குறைவதும் வழக்கமாயின. பெரட்டுக்கு வந்த ஆளின் தொகைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டாதலால், கூட்டத்தோடு இடம் மாறுவதில் அவருக்கும் ஊதியம் இருந்தது. செலவிட்டவர் ஒருவர், பயன் பெற்றவர் வேறொருவர் என்ற குமுறல் முதலாளிகளிடையே எழுந்தது.

இதே குமுறலுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் கண்ட வழி ‘துண்டு’. இன்னின்னார் கடன் இவ்வளவு. அதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டே அது. தமிழ்ச் சொல்லே ஆங்கிலேயர் சட்டத்திலும் புகுந்தது. புதிய தோட்டம் பழைய தோட்டத்துக்குக் கடனைச் செலுத்தும். ஆனால் அத்தொகை மறைந்துவிடுவதில்லை. அவர்கள் பெயரிலேயே புதிய கணக்காக எழுதப்படும். இடம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. ஈடு பெற்றவர் பழைய துரை, கொடுத்தவர் புதிய துரை, சுமந்தவன் தொழிலாளி. 1921-ஆம் ஆண்டில் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தது.

மலாயா வேறு வழியை மேற்கொண்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் பிறந்தது. மலாய் நாடுகளிலும் அது பரவிற்று. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொருவரும், தாம் ஆள் வரவழைத்தாலும் வரவழைக்காவிட்டாலும், தம்மிடம் நடைபெறும் வேலையின் அளவுக்கேற்ப ஒரு வரியை அந்நிதிக்குச் செலுத்த வேண்டும். கப்பற்கூலியும் வழிச்செலவும் அந்நிதியிலிருந்து கொடுக்கப்படும். ஆள் சேர்த்த தோட்டத்துக்கு உதவித்தொகையும் உண்டு. பிறர் ஆளைக் கலைத்துக்கொண்டவரும் வரியிலிருந்து தப்ப முடியாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆளை இழந்த தோட்டத்துக்கு, அழைத்துக்கொண்ட தோட்டம் நேரே ஒன்றும் கொடுப்பதில்லை. இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர். ஆதலால் ஒரு மனிதனின் தலைக்கு விலை குறிக்க வேண்டியதில்லாமற் போயிற்று. அவன் வழிச்செலவுக் கடனின்றிக் கரையிறங்கினான்; ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமையும் பெற்றான். ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910-ஆம் ஆண்டில் முடிவு கட்டியதற்கும் இவ்வேற்பாடு துணையாயிற்று.

இவ்வழக்கு கூலித் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆளைப் பயிற்றிய கழகம் ஒன்று, அவனைப் பெறும் கழகம் வேறு என்ற நிலை எங்கு உண்டோ அங்கெல்லாம் இது எழும். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில், ஆட்டக்காரர் தம் கழகத்தை விட்டு விலக இயலாதவாறு நெடுங்காலம் கட்டுண்டிருந்தனர். 1975-இன் இறுதியில் ஒரு நடுவர் தீர்ப்பு அக்கட்டை அறுத்தது. உடனே, ஆளை இழந்த கழகத்துக்கு ஈடு வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. புதிய இளைஞரைத் தெரிந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடம் ஈடாக அளிக்கப்பட்டது. கழக முதலாளிகள் அது போதாது, அழைத்துக்கொண்ட கழகத்தின் ஆட்டக்காரர் ஒருவரையே தரவேண்டும் என்றனர். ஈடு கொடுக்க அஞ்சி எவரும் தம்மை அழைக்கமாட்டார்கள், விலகும் உரிமை பெயரளவில் நின்றுவிடும் என்பது ஆட்டக்காரரின் வாதம். 1981-ஆம் ஆண்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நின்றுபோயின. இறுதியில் கண்ட சமரசம் என்ன? பல கழகங்களும் சேர்ந்து ஒரு பொதுத் தொகுதியை வைப்பது. இழந்த கழகம் அதிலிருந்து ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வது. 1907-இல் மலாயாத் தோட்டங்கள் பணத்தால் செய்ததை அவர்கள் ஆட்களால் செய்தனர். 1985-ஆம் ஆண்டில் அத்தொகுதி கைவிடப்பட்டது. தெரிந்தெடுக்கும் வரிசையில் இடம் அளிக்கும் முறை மாற்றங்களுடன் நிலைத்தது.

எனினும் மலாயா நிதியைத் தொழிலாளரின் வெற்றி என்று கொண்டாடுவது பிழையாகும். அதனை ஆண்ட குழுவில் தொடக்கத்தில் அதிகாரிகளும் முதலாளிகளின் சார்பினருமே இருந்தனர். கூலி பெறுபவனுக்காகப் பேச ஆளில்லை. கடல் கடந்து புதிய ஆட்கள் தடையின்றி வந்துகொண்டிருந்தமையால் கூலி உயரவில்லை. விலகும் உரிமை கிடைத்தது. விலகிப் போய்ச் சேரும் தோட்டத்திலும் அதே கூலி காத்திருந்தது. 1930-ஐ ஒட்டிய மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரவர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். வரவழைக்க ஏற்பட்ட நிதியே திருப்பியனுப்பவும் பயன்பட்டது. 1936-இல் மலாயாவைப் பார்வையிட்ட சீனிவாச சாஸ்திரியார், கங்காணி வழியே ஆள் சேர்ப்பதை நிறுத்தவேண்டும் என்று கருதினார். 1938-இல் கூலி குறைக்கப்பட்டதும், உதவிப் பணத்தில் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. நிதி மட்டும் நின்றது. 1958-ஆம் ஆண்டில் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி எனப் பெயர் மாறிற்று.

மூன்று ஏற்பாடுகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஈடு கேட்பவர் எப்போதும் ஆளை இழந்த முதலாளியே. ஆனால் ஈட்டின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைக் கொண்டே விலகியவனின் உரிமை அளக்கப்படும். இலங்கையில் அது அவன் கணக்கில் இறங்கிற்று. பேஸ்பாலில் அழைத்துக்கொண்ட கழகத்தின்மீது ஏற்ற முயன்றபோது, அவன் பெறும் விலையைக் குறைக்கும் என்று தடுக்கப்பட்டது. மலாயாவில் எல்லா முதலாளிகளின்மீதும் பரவிற்று; அவ்வளவுக்கு அவன் கால்கள் கட்டவிழ்ந்தன. கூலி உயர்வதற்கோ, அவன் தானே சங்கம் கூடிக் கேட்கும் காலம் வரவேண்டியிருந்தது.