கணக்கில் ஏறாத போர்வைகள்



போகிக்கு முன்பு பழைய துணி சேகரிக்கப் போவதாக நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். நல்ல காரியம்தான். எரிப்பதைவிடக் கொடுப்பது மேல். ஆனால் மூட்டை கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். இந்த விஷயத்தில் நான் ஒருமுறை அவசரப்பட்டவன்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு விரிப்பு இருந்தது. நைந்துபோன வேட்டி, கிழிந்த சுங்குடிச் சேலை, அப்பாவின் பழைய சட்டைகள் எல்லாவற்றையும் அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவரை ஓட்டுத் தையல் போட்டு அம்மா தைத்தது. மேலே தெரியும் பக்கத்தில் சட்டைத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். நானும் தம்பியும் அதில்தான் படுத்து வளர்ந்தோம். பின்னாளில் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டிக் குடிபோன வருடம், போகி அன்று அதைத் தூக்கித் தீயில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார். "புது மெத்தைதான் வாங்கிட்டியே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு அது சம்மதமாகத்தான் பட்டது.

எனக்குத் தபால்தலை சேர்க்கும் பழக்கம் உண்டு. 2006ல் அமெரிக்கத் தபால்துறை 39 சென்ட் விலையில் பத்து வடிவங்களில் ஒரு தொகுப்பு வெளியிட்டது. தலைவர் படம் இல்லை, பறவை இல்லை. பத்திலும் துண்டுத்துணி ஒட்டித் தைத்த போர்வைகள். அவர்கள் இதைக் 'குவில்ட்' என்கிறார்கள். கீழே 'ஜீஸ் பெண்ட்' என்று ஊர்ப் பெயர். ஒரு தேசமே தபால்தலை போடும் அளவுக்கு இந்தக் கந்தலில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அது போர்வையின் கதை மட்டுமல்ல, கடன் கணக்கின் கதையும்தான் என்று தெரிந்தது. 34 வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜீஸ் பெண்ட், அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. அலபாமா ஆறு அங்கே பெரிய வளைவு எடுக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம்தான் தரைவழி. 1816ல் ஜோசப் ஜீ என்பவர் அடிமைகளோடு வந்து பருத்திப் பண்ணை வைத்தார். ஊருக்கு அவர் பெயர்தான். 1845ல் அந்தப் பண்ணை மார்க் பெட்வே என்ற உறவினருக்குக் கைமாறியது. காரணம், அவருக்குத் தரவேண்டியிருந்த 29,000 டாலர் கடன். கடனுக்கு ஈடாக நிலம் போனது. நிலத்தோடு மனிதர்களும் போனார்கள். சொத்துப் பட்டியலில் ஏர், மாடு, அடிமை எல்லாம் ஒரே பக்கத்தில். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்த மக்கள் அதே மண்ணில் குத்தகைக்கு உழுதார்கள். இன்றும் அந்த ஊரில் எத்தனையோ பேருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. உறவுமுறையால் வந்த பெயர் அல்ல அது, உடைமையாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது.

விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்டன் ஊர் வியாபாரியிடம் கடனாக வாங்குவார்கள். பருத்தி வெடித்ததும் அதைக் கொடுத்துக் கழிப்பார்கள். கணக்குப் புத்தகம் வியாபாரியிடம். 1929ல் பவுண்டு சுமார் 17 சென்ட்டுக்குப் போன பருத்தி, 1931ல் சுமார் 6 சென்ட்டுக்கு இறங்கியது. கடன் நின்றுபோனது. 1932ல் கடன் கொடுத்த வியாபாரி ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி பாக்கி மொத்தத்தையும் உடனே வசூலிக்க ஆளனுப்பினார். ஏறக்குறைய 60 குடும்பங்களின் வீடுகளிலிருந்து கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, வண்டி, கலப்பை, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த சோளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவுப் பொருள்களால்தான் பலர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள்.

ஜப்தி என்ற சொல்லை நான் பல தடவை எழுதியிருக்கிறேன். நகைக்கடன் ஏல அறிவிப்புகளில் பெயரும் எடையும் நிரப்பியது இந்தக் கைதான். விதிப்படிதான் எல்லாம். இருந்தாலும் இதைப் படித்த இரவு சில பெயர்கள் ஞாபகம் வந்தன.

அந்த ஊரின் வீடுகள் மரப்பலகை அடித்த குடிசைகள். பலகை இடுக்கில் குளிர்காற்று புகுந்துவிடும். சுவரில் செய்தித்தாள், விளம்பரத் தாள்களை ஒட்டுவார்கள். 1937ல் அரசு சார்பில் அங்கே போன ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த படங்களில் அந்தச் சுவர்களைப் பார்க்கலாம். சுவருக்குக் காகிதம் என்றால் உடம்புக்குப் போர்வை. ஒன்றல்ல, நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கக் காசு ஏது? ஆகவே தைத்தார்கள்.

துணி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வயலில் போட்டு நைந்த கால்சட்டை, கிழிந்த கவுன், உரச் சாக்கு, மாவுச் சாக்கு, சர்க்கரைச் சாக்கு. சாக்குத் தையலைப் பிரித்தால் நூலும் கிடைத்துவிடும். உள்ளே நிரப்ப, பருத்தி அரவை ஆலையில் கூட்டித் தள்ளிய கழிவுப் பஞ்சு. மேல் பக்கத்தை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து இணைப்பார். அதன்பிறகு நடுவில் பஞ்சும் அடியில் ஒரு துணியும் வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். வடிவம் ஒருத்திக்குச் சொந்தம், உழைப்பு ஊருக்குப் பொது.

வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்த்துக்கொண்டே போனால் அது 'கூரை'. செங்கல் அடுக்கியதுபோல ஒன்று. நீளப் பட்டைகளை வெறுமனே இணைத்தால் அதற்கு 'சோம்பேறிப் பெண்' என்று கேலிப் பெயர். நம் வீட்டுப் பெண்கள் வயர்கூடைப் பின்னலில் 'சிவன் கண்', 'நெல்லிக்காய்' என்று பெயர் வைத்திருந்தார்களே, அதேபோலத்தான்.

அதே அமெரிக்காவில் 1863லேயே எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர், அளவு வாரியாகக் காகிதத்தில் வெட்டிய தையல் மாதிரிகளை விற்கத் தொடங்கிவிட்டார். பட்டணத்துப் பெண்கள் அந்தத் தாளைத் துணிமேல் வைத்து வெட்டிக்கொள்வார்கள். ஜீஸ் பெண்ட் பெண்களிடம் அச்சடித்த தாள் கிடையாது. அம்மாவோ பாட்டியோ செய்ததைப் பார்த்ததுதான் பாடம். துணி தீர்ந்தால் வடிவம் மாறும். ஒரு பட்டை கோணினால் அடுத்த பட்டை அதை அனுசரித்துப் போகும். இன்று பார்ப்பவர்கள் மெச்சுகிற அந்தத் துணிச்சலான வளைவுகளில் பாதி, கையில் இருந்த துணி அவ்வளவுதான் என்பதால் வந்தவை. மீதிப் பாதி அந்தப் பெண்களின் கண். துணி குறைவாக இருந்தவர்கள் எல்லோரும் அப்படித் தைத்துவிடவில்லை.

என் மனதில் நின்றது 1942ல் மிசௌரி பெட்வே தைத்த போர்வை. கணவர் இறந்துபோனார். அவர் வேலைக்குப் போட்டுக்கொண்ட உடுப்புகளை அவர் தூக்கி எறியவில்லை. அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும், அவற்றை ஒரு போர்வையாக்கப் போவதாக மகளிடம் சொன்னாராம். மகள் அர்லோன்சியாவுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது. அப்பாவின் உடுப்புகளைப் பிரிக்கும் வேலையில் கூட இருந்தார். இந்த மாதிரி வேலை உடுப்புப் போர்வைகளில் பல வருட வெயிலில் நீலம் வெளுத்திருக்கும். பாக்கெட் பிரித்த இடத்தில் மட்டும் துணி வாங்கிய நாளின் கருநீலம் அப்படியே நிற்கும். முழங்கால் தேய்ந்த இடமும் தெரியும். ஒரு மனிதர் உழைத்த உழைப்பின் அடையாளம் அது.

1960களில் இந்த மக்கள் ஓட்டுரிமை கேட்டார்கள். 1962ல் கேம்டனுக்குப் போய்வந்த படகுச் சேவை நிறுத்தப்பட்டது. வாக்காளராகப் பதிவு செய்யவேண்டிய இடம் அக்கரையில். படகில் சில நிமிடம், சாலையில் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். படகு திரும்ப ஓடியது 2006ல், அந்தத் தபால்தலைகள் வந்த அதே வருடம். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்து பேசினார். அந்த வருடக் கடைசியில் அந்த வட்டாரத்தில் பயணம் செய்த ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார், கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்து நின்றார். ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966ல் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு தொடங்கினார்கள். பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. 1972ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்தார்கள். கையில் காசு வந்தது. ஆனால் கடைக்கு எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி வேண்டும். கை போன போக்கில் தைக்க அங்கே இடமில்லை. அதனால் மிச்சமான கார்டுராய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்துக்கொண்டார்கள்.

1998ல் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர், ஒரு புத்தகத்தில் பார்த்த போர்வைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தைத்த ஆனி மே யங்கைத் தேடி வந்தார். அந்த அம்மாளோ முந்தின வாரம்தான் சில பழைய போர்வைகளை எரித்திருந்தார். பஞ்சு எரியும் புகைக்குக் கொசு ஓடிவிடும். படத்தில் இருந்ததும் எரிந்துபோயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடியபோது கிடைத்தது. சும்மாவே எடுத்துப் போகச் சொன்னார். ஆர்னெட் அதற்கும் வேறு சில போர்வைகளுக்குமாகச் சில ஆயிரம் டாலருக்குக் காசோலை எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் போகித் தீ ஞாபகம் வந்ததை நான் சொல்லவேண்டியதில்லை.

2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்பு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகள் சுவரில் தொங்கின. கலை விமர்சகர்கள் நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 2014ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 20 போர்வைகள் நன்கொடையாகப் போயின.

வணிகவியல் படித்தவன் இதோடு நிறுத்த முடியாது. யாருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கவேண்டும். போர்வைகளின் வடிவங்கள் கம்பளத்திலும் வேறு பொருள்களிலும் அச்சாகி விற்றன. தங்களுக்குச் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று 2007ல் மூன்று பெண்கள் ஆர்னெட் தரப்பின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அந்தத் தரப்பு மறுத்தது. 2008ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, நிபந்தனைகளை வெளியிடவில்லை. யார் சொன்னது சரி என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டதே பெரிது. பாட்டி காலத்தில் கணக்குப் புத்தகம் வியாபாரியிடம் இருந்தது. பேத்தி காலத்தில் கணக்கைக் காட்டு என்று கோர்ட்டில் நிற்க முடிந்தது.

நாங்கள் படித்த பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. எந்தப் பொருளும் வருடா வருடம் மதிப்புக் குறைந்து, கடைசியில் பூஜ்யம் ஆகும். வேலைக் கால்சட்டை அப்படித்தான் பூஜ்யம் ஆனது. அதன்பிறகு ஒரு பெண் ஊசியை எடுத்தார். அந்த வரவை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. 1932ல் ஜப்திக்கு வந்தவர்கள் பட்டியலிலும் அது இருந்திருக்காது. எங்கள் அம்மாவின் விரிப்பை நான் எந்தத் தலைப்பில் எழுதித் தள்ளினேன் என்று இப்போது யோசித்தாலும் விடை வருவதில்லை.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே என் மனைவி பழைய செய்தித்தாளில் வெட்டிய ரவிக்கை மாதிரிகள், ஒவ்வொன்றிலும் பெயர். ஸ்வெட்டர் பின்ன எத்தனை கண் ஏற்றவேண்டும், எங்கே குறைக்கவேண்டும் என்று பென்சிலில் கட்டம் போட்டு எழுதிய நோட்டு ஒன்று. எடைக்குப் போடலாமா என்று நான் கேட்கவில்லை. "இந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கும். தைத்தவர் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் யார் தைத்தது, எந்த வருடம், யாருடைய துணி என்று ஒரு சிறு துண்டில் எழுதி ஓரத்தில் தைத்து வையுங்கள். பொங்கல் விழா அன்று சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை போட்டுத் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். கொண்டுவந்து காட்டுங்கள். விற்பனை கிடையாது, பரிசும் கிடையாது. மற்ற துணிகளைத் தாராளமாக மூட்டை கட்டிக் காவலர் அறைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

— ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், 'பி' பிளாக்