செக்ரோலில் இல்லாத பிற்பகல்: ஊவாத் தோட்டங்களில் கணவனிடம் எதிர்பார்க்கப்படுவது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட ஆணைப் பற்றி ஆய்வுகளில் ஒரு சித்திரம் ஊன்றிவிட்டது. மதியம் கழிந்ததும் அவன் வேலையை முடித்துக்கொண்டு லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) திரும்புவான். மனைவி மாலைவரை மலையில் கொழுந்தெடுப்பாள். அவளுடைய சம்பளத்தையும் அவனே வாங்கி வருவான். ஊவாவின் பசறை, லுணுகலை, நமுனுகுல வட்டாரத் தோட்டங்களை மனத்தில் வைத்து இச்சித்திரத்தோடு முரண்படுகிறேன். விவரங்கள் பெரும்பாலும் சரிதான். அவற்றுக்கு ஆதாரமாகக் கொண்ட செக்ரோலை, அதாவது தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டை, படித்த விதத்தில்தான் கோளாறு.

பெரட்டுக்கு (காலை வரவெடுப்புக்கு) வந்து வேலையை முடித்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வரவு; குறைந்தால் அரைப்பேர். கொழுந்தெடுப்பவளுக்கு நிறுவைக்கு நிறுவை கிலோ ஏறும். கவ்வாத்து வெட்டுபவனுக்கு மரக்கணக்கு. கான் (வடிகால்) வெட்டுபவனுக்கு நீளக்கணக்கு. கணக்கு தீர்ந்தால் அன்றைய பேர் தீர்ந்தது. ஆக, பெண்ணின் நாள் எடையோடு நீள்கிறது. ஆணின் நாள் பணியளவோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்திய வெற்றிடத்தை ஓய்வு என்று படித்தார்கள். ஓய்வு என்று செக்ரோல் எங்கும் சொல்லவில்லை. விறகு, மாட்டுப்புல், மரக்கறிப் பாத்தி, பக்கத்துக் கிராமத்தில் நாட்கூலி ஆகியவற்றுக்கு அதில் இடமே கிடையாது. (அவள் அடுப்படியில் கழிக்கும் விடிகாலைக்கும் இடமில்லை, அந்த மௌனத்தை மட்டும் எல்லோரும் சரியாகவே கண்டுகொண்டார்கள்.)

குடிக்கிறானே என்பார்கள். குடிக்கிறான், அதனால் வீடுகள் சீரழிந்ததும் உண்மை. ஆனால் சாராயத்தைக் கொண்டு பிற்பகல் முழுவதையும் விளக்கிவிட முடியாது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. செக்ரோல் ஆளைப் பதிகிறது, குடும்பத்தைப் பதிவதில்லை. கணவன், மனைவி இருவரின் பதிவுகளையும் சேர்த்துப் படித்தால் என்ன தெரியும்? அவனுக்கு நேரே பேர்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் பெயரே விடுபட்டுப் போகலாம். அவளுடைய பேர் தொடரும். பொறுப்பிலிருந்து அவன் நழுவினான் என்பது பழைய வாசிப்பு. ஆனால் லயத்துக் காம்பரா (அறை) தோட்ட வேலையோடு பிணைந்தது. வீட்டில் ஒருவராவது பேர் போட்டால்தான் குடியிருப்புக்குப் பிடிமானம். அவன் கொழும்பில் கடைக்கோ ஹோட்டலுக்கோ போவதும், பதுளையில் லீசிங்கில் ஓட்டோ எடுப்பதும் அவள் போடும் பேரை நம்பித்தான். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். பொருந்தும் வீடுகள் குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்கவும் மாட்டேன்.

“மாப்பிள்ளை தோட்டத்துலயா, வெளியிலயா?” என்ற கேள்வி இன்று சம்பந்தம் பேசும்போது முன்னே வருகிறது. இது நகரத்திலிருந்து, தொலைக்காட்சியிலிருந்து வந்த ஆசை என்பது வசதியான விளக்கம். உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவனே கணவன் என்ற அளவுகோல் அரச தாளிலேயே முன்பு எழுதப்பட்டதுதான். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், பிரஜாவுரிமைக்கு மனு செய்தவரில் மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு வதிவைக் கேட்டது. நிச்சயமான வருமானத்தையோ தக்க தொழிலையோ காட்டச் சொன்னது. குடும்பத்தைத் தாங்குபவன் என்று மனுவில் காட்டவேண்டியிருந்த அதே ஆணைத்தான் செக்ரோலின் பழைய வாசிப்பு பாதி நாள் உழைப்பவனாகக் காட்டியது. 1984இல் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டபோது மனைவியைவிடக் கூடச் சம்பாதிப்பவன் என்ற கடைசிப் பிடியும் தோட்டத்துக்குள் அவனுக்கு இல்லாமல் போயிற்று. கூடுதலாகச் சம்பாதித்துக் காட்ட வெளியே போவதைத் தவிர அவனுக்கு வழி ஏது?

மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கியது அதிகாரமே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சம்பள நேரத்தில் அவள் மலையில் நின்றாள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரத்தைக் குறித்தது தோட்ட நிர்வாகம், கணவன் அல்ல.

ஊவாவின் ஆண்களைப் பற்றி இனி எழுதப் புகுவோர் செக்ரோலைக் கைவிடவேண்டியதில்லை. காம்பரா வாரியாக அடுக்கி, கணவன் பெயரையும் மனைவி பெயரையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.