ஈழத்தலரியில் துரு நோய்: மருந்து தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களும், வீட்டுத் தோட்டத்தில் பதியன், போத்துச் செடி வளர்த்து விற்பவர்களும் ஈழத்தலரியை நன்கு அறிவார்கள். நர்சரிகளில் இதைப் பிளுமேரியா என்று கேட்டு வாங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இதன் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பலர் இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வைக்கிறார்கள். சிலர் பூச்சி மருந்து அடிக்கிறார்கள். இரண்டும் வீண் செலவு. பெரும்பாலும் இதற்குக் காரணம் துரு நோய்.

அறிகுறிகள்

இலையின் மேற்பரப்பில் சிறு மஞ்சள் புள்ளிகள் தெரியும். அதே இடத்தை அடியில் திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பொடி போன்ற கொப்புளங்கள் இருக்கும். விரலால் தேய்த்தால் மஞ்சள் தூள் ஒட்டும். அப்படி ஒட்டினால் அது துரு நோய்தான். புள்ளிகள் ஒன்றுசேர்ந்து பழுப்பாகி, இலை சுருண்டு விழும்.

தை, மாசியில் இந்தச் செடி இயல்பாகவே இலை உதிர்க்கும். அப்போது உதிரும் இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி இல்லையென்றால் கவலை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையிலேயே பொடியுடன் இலை உதிர்ந்தால் உடனே கவனியுங்கள்.

பரவும் விதம்

கோலியோஸ்போரியம் பிளுமேரியே என்ற பூஞ்சாணம் இந்நோயை உண்டாக்குகிறது. 1902இல் கரீபியன் தீவான குவாதலூப்பிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இது, இன்று ஈழத்தலரி வளரும் பல நாடுகளில் உள்ளது. காற்றும் மழைத்துளியும் இதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். தொலைதூரம் கொண்டுபோவது விற்பனைச் செடிகள்தான். அமெரிக்காவில் டேலிலி பூச்செடியின் துரு நோயும் இறக்குமதிச் செடிகள் வழியே நுழைந்து 2000இல் கண்டறியப்பட்டது. பிறகு நர்சரி செடிகள் மூலம் மாநிலம் மாநிலமாகப் பரவியது.

ஈழத்தலரியின் துரு நோய் மல்லிகைக்கோ சாமந்திக்கோ தொற்றாது. அவற்றில் வரும் துரு நோய்கள் வேறு பூஞ்சாணங்களால் வருபவை.

மருந்தில்லாமல் செய்ய வேண்டியவை

• புதிதாக வாங்கும் செடியின் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பாருங்கள். வாங்கிய செடியை இரண்டு, மூன்று வாரம் தனியே வையுங்கள்.
• இந்தப் பூஞ்சாணம் உயிருள்ள இலையில்தான் வளரும். எனவே இலை இல்லாத கோடைக் காலத்தில் போத்து வெட்டுங்கள். இலை இருந்தால் முழுவதும் கிள்ளிவிட்டு நடுங்கள். பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை அணியுங்கள்.
• நோயுற்ற இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் காலையில் சேகரித்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள் அல்லது ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். செடிகளுக்கு நடுவே குவித்து வைக்காதீர்கள்.
• மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவு முழுக்க ஈரம் நின்றால் வித்துகள் எளிதில் முளைக்கும். காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.
• பைகளை நெருக்கி அடுக்காமல் காற்றோட்டம் விடுங்கள்.
• மழுங்கிய நுனி கொண்ட இலையுடைய வெள்ளைப் பூ வகை ஆண்டு முழுவதும் ஓரளவு இலையோடு இருக்கும். நோய் அதில் தங்கி அடுத்த பருவத்துக்கு வரலாம். கோடையிலும் அதைச் சோதியுங்கள்.

மருந்து எப்போது?

வீட்டு வாசலில் நிற்கும் வளர்ந்த மரம் இந்நோயால் சாவது அரிது. அதற்கு இலைகளைக் கூட்டி அகற்றினாலே போதும். மரத்தை வெட்ட வேண்டாம். விற்பனைக்கான கன்றுகளுக்கு மட்டும் மருந்து பலன் தரும். இலை இழந்த கன்றை யாரும் வாங்கமாட்டார்கள்.

முதல் புள்ளி தெரிந்ததும் மான்கோசெப் 75 சதத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். இதற்குப் பதிலாக நனையும் கந்தகத்தையும் லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம்; வெயில் கடுமையாக உள்ள நேரத்தில் கந்தகம் இலையைக் கருக்கும் என்பதால் தவிர்க்கவும். கொப்புளம் இலையின் அடியில் இருப்பதால் தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில், மழை விட்ட நாளில் மீண்டும் தெளிக்கலாம். ஒரே மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். முகக்கவசம் அணியுங்கள், மருந்துப் பையில் உள்ள குறிப்புகளைப் படியுங்கள்.

சந்தேகம் இருந்தால் நோயுற்ற இலையைக் காகிதத்தில் மடித்து, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டுங்கள். நோய் எது என்று உறுதியான பிறகு மருந்து வாங்கினால் போதும்.