பதில் சொல்லும் கருவி

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சிற்றூர் மண்ணூர். ஏரிப் பாசனத்தை நம்பி இருந்த அந்த வட்டாரம் 1990களின் பிற்பாதியிலிருந்து தொழிற்சாலைகளின் நிலமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஆலையின் கணினிப் பிரிவில் என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒப்பந்த ஊழியனாக இருந்தான். ஓர் இரவு ஷிப்டில் சோதனைக்கென்று வைத்திருந்த வழங்கிகளுக்கு (செர்வர் என்றால்தான் பலருக்கும் புரியும்) ஒரு கட்டளை அனுப்பினான். ஆனால் அவன் கையிலிருந்த பட்டியல் சோதனை வழங்கிகளுடையது அல்ல, உற்பத்தியை நடத்தும் வழங்கிகளுடையது. நாற்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் நின்றன. அடுத்த வாரமே அவனுக்கு வேலை இல்லை. "டெஸ்ட் செர்வர்னு நெனச்சுத்தான் மாமா அடிச்சேன்" என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு தொலைவில் உள்ள பல இயந்திரங்களை ஒரு சொல்லால் இயக்குவது என்ற ஆசை கணினிக்கு முந்தையது. அதன் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தது. 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் அதன் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று மெட்ராஸ் நேரத்தை வரையறுத்தார். ரயில் வந்தபோது ஊருக்கு ஒரு நேரம் என்பது செல்லாமல் போயிற்று. பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்த மெட்ராஸ் நேரத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில்வேக்கள் ஏற்றுக்கொண்டன. நாள்தோறும் மாலை 4 மணிக்கு வானாய்வுக்கூடத்திலிருந்து தந்திக் கம்பியில் சைகை புறப்படும். எங்கெங்கோ உள்ள நிலையங்களில் கடிகார முள்கள் சரிசெய்யப்படும். 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொதுநேரம் வரும்வரை நாட்டின் ரயில்கள் நுங்கம்பாக்கத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே ஓடின.

அந்தச் சைகையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. "முள்ளை ஐந்து நிமிடம் முன்னே தள்ளு" என்று அது சொல்லவில்லை. "இப்போது மணி நான்கு" என்று சொல்லிற்று. கடிகாரம் சரியாக ஓடும் நிலையத்தில் எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிந்தியிருக்கும் நிலையத்தில் மட்டும் முள் நகரும். தவிர, கம்பியின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். ஒரு நாள் சைகை ஒரு மணி நேரம் பிசகி வந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் சந்தேகப்பட்டிருப்பார்.

கணினிகள் வலையில் இணைந்தபோது மறுமுனை மனிதர் காணாமல் போனார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் ஆர்.எஸ்.எச். என்ற சிறு கருவி இருந்தது. இங்கே தட்டச்சு செய்தால் அங்கே உள்ள கணினி செய்து முடித்து, விளைவை நம் திரைக்கு அனுப்பும். நம்பத்தக்க கணினிகளின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் கடவுச்சொல்கூடக் கேட்காது. ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வாளர்களின் உலகம் அது. ஊரில் கதவைத் தாழிடாமல் உறங்கிய காலம் போல. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் ஏவிய நச்சுநிரல் பல வழிகளில் பரவியது. அந்த நம்பிக்கைப் பட்டியல் அவற்றுள் ஒன்று. சுமார் 6,000 கணினிகள் முடங்கியதாக அன்று மதிப்பிட்டார்கள்.

அப்போதும் கதவு முழுதாக மூடப்படவில்லை. கடவுச்சொற்கள் வலையில் அஞ்சலட்டை போலத் திறந்தே சென்றுகொண்டிருந்தன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென் 1995இல் எஸ்.எஸ்.எச். கருவியை எழுதினார். செய்தி மறையெழுத்தில் போகும். அனுப்புபவர் யார், பெறுவது எந்தக் கணினி என்பதை இரு தரப்பும் சரிபார்த்துக்கொள்ளும். 'கட்டளை இடுபவர் யார்' என்ற கேள்வி ஓரளவு தீர்ந்தது.

எண்ணிக்கை பற்றிய கேள்வி பாக்கி. நாற்பது வழங்கிகளுக்கு ஒரே கட்டளை போகிறது. முப்பத்தேழு கேட்கின்றன, இரண்டு அணைந்து கிடக்கின்றன, ஒன்று பாதியில் நிற்கிறது. மறுபடியும் அனுப்பினால், ஏற்கெனவே செய்து முடித்தவை அதே வேலையை இரண்டாம் முறை செய்து கெடுக்கும். ஆஸ்லோவில் மார்க் பர்கஸ் 1993இல் உருவாக்கிய சிஎஃப்என்ஜின் இதற்கு வேறு வழி கண்டது. 'இதைச் செய்' என்று சொல்லாமல் 'இப்படி இரு' என்று நிலையை எழுதிவிடுவது. ஒவ்வொரு கணினியும் தன்னை அந்த விவரிப்போடு ஒப்பிட்டு, குறைவதை மட்டும் செய்துகொள்ளும். நூறு முறை சொன்னாலும் கேடில்லை. நுங்கம்பாக்கத்தின் நாலு மணிச் சைகை வேறென்ன?

இன்று மிகுதியாகப் புழங்கும் கருவிகளில் ஒன்று, மைக்கேல் டிஹான் 2012இல் வெளியிட்ட ஆன்சிபிள். எஸ்.எஸ்.எச். வழியாகவே இயங்கும், கணினிகளின் பட்டியலைக் கொடுத்தால் போதும். இலக்கிய வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. உர்சுலா லெ குவின் 1966இல் எழுதிய 'ராக்கனன்ஸ் வேர்ல்ட்' நாவலில், விண்மீன்களுக்கு இடையே நொடியில் பேச உதவும் கற்பனைக் கருவிக்கு இட்ட பெயர் அது. 'ஆன்சரபிள்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து அதைப் பெற்றார். பின்னர் ஆர்சன் ஸ்காட் கார்ட் தம் 'எண்டர்ஸ் கேம்' (1985) நாவலில் அதே கருவியைக் கையாண்டார். டிஹான் பெயரை எடுத்தது அங்கிருந்துதான். அந்நாவலில் எண்டர் என்னும் சிறுவன், வெகு தொலைவில் உள்ள விண்கலப் படையை இருந்த இடத்திலிருந்தே நடத்துகிறான். தன் முன் நடப்பது பயிற்சி விளையாட்டு என்று அவன் நம்புகிறான். கடைசித் தேர்வில் ஒரு கோளையே அழித்த பிறகுதான், எல்லாம் உண்மைப் போர் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சோதனை என்று நினைத்துத்தான் அவனும் செய்தான்.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், சில வழங்கிகளை மட்டும் நீக்குவதற்கான கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தந்தார். எண்ணியதைவிட அதிகமான வழங்கிகள் நீங்கி, அந்தச் சேவையை நம்பியிருந்த எண்ணற்ற வலைத்தளங்கள் சில மணி நேரம் தடுமாறின. நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் ஊழியரின் பெயர் இல்லை. இனி அந்தக் கருவி வழங்கிகளை மெதுவாகவே நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக மறுக்கும் என்ற மாற்றங்கள் இருந்தன. ஸ்டேஷன் மாஸ்டரின் சந்தேகத்தைக் கருவிக்குள் வைக்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

லெ குவின் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: பதில் தரக்கூடியது, பதில் சொல்லக் கடமைப்பட்டது. முதற்பொருளில் நம் கருவிகள் தேர்ந்துவிட்டன; எந்த வழங்கி கேட்டது, எது கேட்கவில்லை என்று வரிவரியாகக் காட்டுகின்றன. மண்ணூரில் சோதனைப் பட்டியலும் உற்பத்திப் பட்டியலும் ஒரே கோப்புறையில், ஓரெழுத்து வித்தியாசத்தில் பெயரிடப்பட்டிருந்தன. பெயரிட்டவர் யார் என்று விசாரணையில் எவரும் கேட்கவில்லை.

பையன் இப்போது ஒரகடத்தில் வேறொரு வேலையில் இருக்கிறான். எந்தக் கட்டளையையும் முதலில் ஒரேயொரு வழங்கிக்கு அனுப்பி, பதில் வந்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புகிறானாம். பட்டியல்களுக்குப் பெயர் வைக்கும் வேலையையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.