கண்ணீரும் கயிறும்

பழைய வழக்குகளைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அப்படிப் படித்தவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து வழக்கு ஒன்று.

1913 ஏப்ரல் 26, விடுமுறை நாள். பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்த மேரி பேகன் என்ற 13 வயதுச் சிறுமி, கூலிப் பாக்கி 1 டாலர் 20 சென்ட்டை வாங்கப் போனாள். அதைக் கொடுத்தவர் மேலதிகாரி லியோ பிராங்க். அவரே அதை மறுக்கவில்லை. மறுநாள் விடியுமுன் அவள் பிணம் தொழிற்சாலையின் நிலவறையில் கிடந்தது.

ஊரே அழுதது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பிப் பிழைத்த ஏழை ஜனங்கள் அல்லவா? ஆனால் அழுத கண்கள் சீக்கிரமே சிவந்துவிட்டன. பிராங்க் வடக்கே வளர்ந்தவர், அதிலும் யூதர். கேட்க வேண்டுமா? தீர்ப்பு நாளில் கூட்டத்துக்குப் பயந்து கைதியைக் கோர்ட்டுக்கே அழைத்து வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 'குற்றவாளி' என்றதும் தெருவெல்லாம் ஆரவாரம். சர்க்கார் வக்கீலைத் தோள்மேல் தூக்கிக்கொண்டார்கள்.

1915 ஜூனில் கவர்னர் ஸ்லேட்டன் சாட்சியங்களை மறுபடி புரட்டிப் பார்த்து, தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அவர் வீட்டை நோக்கிக் கூட்டம் பாய்ந்தது. பட்டாளம் வந்து தடுத்தது. ஆகஸ்டில் பிராங்கைச் சிறையிலிருந்து கடத்திப் போய், மரியெட்டாவில் ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள். அந்தக் காட்சியைப் படமெடுத்துத் தபால் அட்டையாகவும் விற்றார்கள்! ஒருவரும் தண்டனை பெறவில்லை.

1982-ல், அந்நாளில் ஆபீஸ் பையனாக இருந்த அலோன்சோ மான் கிழவராகி வாய் திறந்தார். சிறுமியின் உடலைத் தூக்கிப் போனவனை அவர் கண்ணால் பார்த்தாராம். அவன் பிராங்க் அல்ல. பிராங்குக்கு எதிராக நின்ற முக்கிய சாட்சியே அவன்தான். வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டினானாம். பேசாதிருக்கும்படி பெற்ற தாயும் சொன்னாளாம்.

1986-ல் ஜார்ஜியா மாநிலம் பிராங்குக்கு மன்னிப்பு வழங்கியது. குற்றமற்றவர் என்று மட்டும் சொல்லவில்லை.